லயத்தின் எடை: மலையகத் தோட்டக் குடியிருப்புகளில் அடங்கிய கட்டுமானப் பொருட்களை மதிப்பிடுதல்

ஒரு குடியிருப்புக் கட்டடத்துக்குள் கல், மண், மணல், சீமெந்து, மரம், இரும்பு ஆகியவை எவ்வளவு அடங்கியுள்ளன என்ற கணக்கு இரண்டு சந்தர்ப்பங்களில் தேவைப்படுகிறது. கட்டுவதற்கு முன், வரைபடத்தை வைத்துக்கொண்டு அளவு மதிப்பீட்டாளர் தயாரிக்கும் அளவுப் பட்டியல் முதலாவது. இத்தனை கியூப் மணல், இத்தனை மூட்டை சீமெந்து என்று அது சொல்லும், இலங்கையில் அதற்கென எஸ்.எல்.எஸ். 573 என்ற தர ஆவணமும் உண்டு. ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கும், வரைபடம் தொலைந்துபோன அல்லது ஒருபோதும் வரையப்படாத கட்டடத்தின் உள்ளடக்கத்தை வெளியிலிருந்து ஊகித்தறிவது இரண்டாவது. இந்த இரண்டாவது கணக்கைப் பொருள் இருப்பு மதிப்பீடு என்று அழைக்கிறார்கள். ஓர் ஊரின் கட்டடங்களுக்குள் பல தலைமுறைகளாகச் சேர்ந்து கிடக்கும் பொருளை ஒரு சேமிப்பாகக் கருதி, அதன் அளவையும் வகையையும் அது என்றைக்கு வெளியே வரும் என்பதையும் கணிப்பதே அதன் நோக்கம்.

நுவரெலியா மாவட்டத்தின் தோட்டங்களில், அட்டன், நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா, தலவாக்கலை வட்டாரங்களில், இந்த இரண்டாவது கணக்குக்கு இருக்கும் தேவை இலங்கையின் வேறு எந்தக் குடியிருப்பு வகைக்கும் இருப்பதைவிடக் கூடுதலானது. தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வாழும் நீண்ட வரிசைக் குடியிருப்புகளான லயங்களை அகற்றித் தனி வீடுகள் கட்டுவது அரசின் அறிவிக்கப்பட்ட கொள்கையாக நெடுங்காலமாக இருந்துவருகிறது. ஆனால் அகற்றப்படவிருக்கும் லயத்துக்குள் என்ன இருக்கிறது, அது எங்கே போகும், புதிய வீட்டுக்குள் என்ன போகவிருக்கிறது, அது எங்கிருந்து வரும் என்ற கேள்விகள் வீட்டு எண்ணிக்கை பற்றிய விவாதத்துக்குள் அடிபட்டுப் போகின்றன.

உலக அளவில் இந்தத் துறைக்கு இரண்டு வழிமுறைகள் உள்ளன. மேலிருந்து கீழே வரும் முறையில், ஒரு நாடு ஆண்டுதோறும் உற்பத்தி செய்ததும் இறக்குமதி செய்ததுமான சீமெந்து, இரும்பு, மரம் ஆகியவற்றின் புள்ளிவிவரங்களைக் கூட்டி, இடித்து வெளியேற்றியதைக் கழித்து, மிச்சத்தை இருப்பாகக் கொள்வார்கள். பிரிடோலின் கிராவுஸ்மான் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வு இவ்வாறுதான் 1900 முதல் 2010 வரை உலகின் பொருள் இருப்பு 23 மடங்கு பெருகியது என்று கணித்தது. கீழிருந்து மேலே செல்லும் முறையில் கட்டடங்களை வயது, வகை, கட்டுமுறை என்று பிரித்து, ஒவ்வொரு வகையிலும் சிலவற்றை நேரில் அளந்து, ஒரு சதுர மீற்றர் தளத்துக்கு எத்தனை கிலோகிராம் பொருள் என்ற விகிதத்தைக் கண்டுபிடித்து, அதை மொத்தத் தளப்பரப்பால் பெருக்குவார்கள். இந்த விகிதத்துக்குப் பொருட்செறிவு என்று பெயர். ஜப்பானில் ஹிரோகி தனிகாவா இதைக் காலவாரியான நிலப்படங்களோடு இணைத்தார். வியன்னா நகரத்தின் கட்டடங்களுக்கு இம்முறையில் கிடைத்த விடை ஏறத்தாழ 38 கோடித் தொன். நகரவாசி ஒருவருக்கு 200 தொன்னுக்கு மேல்.

தோட்டக் குடியிருப்புகளுக்கு மேலிருந்து வரும் முறை உதவாது. லயங்களின் பெரும்பகுதிக்குரிய பொருள் எந்தச் சுங்கப் பதிவேட்டிலும் எந்தத் தொழிற்சாலைக் கணக்கிலும் ஏறாமல், கட்டிய இடத்துக்குச் சில நூறு யார் தொலைவிலிருந்தே எடுக்கப்பட்டது. மலையகத்தின் அடிப்பாறை உயர் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பழம்பாறை. கோப்பிக்காகக் காடழித்தபோது நிலத்தின் மேலேயே உருண்டு கிடந்த கருங்கற்கள் தடைக்கற்களாகவும் இருந்தன, இலவசக் கட்டுமானப் பொருளாகவும் இருந்தன. அவற்றை உடைத்துச் சரிவுகளில் கல்கட்டுகள் கட்டினார்கள், கானுகளுக்கு (வடிகால்களுக்கு) அணை கொடுத்தார்கள், தொழிலாளருக்குச் சுவர் எழுப்பினார்கள். கற்களைப் பிணைத்தது அதே சரிவில் வெட்டிய செம்மண். வசதியுள்ள தோட்டங்களில் மேற்பூச்சுக்குச் சுண்ணாம்பு, அதுவும் பெரும்பாலும் கண்டி, மாத்தளைப் பகுதிகளின் சுண்ணக்கல்லைச் சுட்டெடுத்தது.

வெளியிலிருந்து வந்த பொருள் கூரை. 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்து, 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில், ரயில் பாதை 1884இல் அட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் எட்டியது. அதற்கு முன் மாட்டுவண்டியிலும் தலைச்சுமையிலும் ஏற வேண்டியிருந்த நெளிதகரம் அதற்குப் பின் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. மானாப்புல் வேய்ந்த கூரைகள் தகரத்துக்கு மாறின. பருவத்துக்கு வந்து போகும் கோப்பித் தொழிலாளரைப் போலன்றி, தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டியிருந்ததால், நிரந்தரமாகத் தங்குபவருக்கான சுவரும் கூரையும் தேவைப்பட்டன. ஆகவே இன்று அளக்கப்பட வேண்டிய லயம் என்பது பெரும்பாலும் தேயிலைக் காலத்து லயம். சீமெந்து அதற்குள் பிற்பாடு நுழைந்த பொருள். காங்கேசன்துறைத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கும்வரை இலங்கையில் சீமெந்து முழுக்க இறக்குமதிச் சரக்காகவே இருந்தது.

ஒரு லயத்தின் கணக்கு

கணக்கு எப்படி நடக்கிறது என்பதை ஒரு மாதிரி லயத்தை எடுத்துப் பார்ப்பதே தெளிவான வழி. எழுத்திலும் பேச்சிலும் திரும்பத் திரும்ப வரும் அளவு பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, அதாவது ஒரு குடும்பத்துக்குரிய அறை. அப்படிப் பத்துக் காம்பராக்கள் ஒரே வரிசையில், முன்னால் ஆறடி இஸ்தோப்புடன் (முன்தாழ்வாரத்துடன்), கருங்கல்லும் மண்சாந்தும் கொண்டு 18 அங்குலத் தடிப்பில், சராசரி எட்டடி உயரத்தில் கட்டப்பட்டதாகக் கொள்ளலாம். இவை எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொண்ட அளவுகள். குறிப்பிட்ட எந்தத் தோட்டத்தின் லயத்தையும் குறிப்பவை அல்ல.

பத்து அறைகளின் அகலமும் பதினொரு குறுக்குச் சுவர்களின் தடிப்பும் சேர்ந்து லயத்தின் நீளம் 116.5 அடியாகிறது. முன்சுவரும் பின்சுவருமாக 233 அடி, குறுக்குச் சுவர்கள் 132 அடி, மொத்தம் 365 அடி நீளச் சுவர். உயரத்தாலும் தடிப்பாலும் பெருக்கினால் 4380 கன அடி. அறைக்கு ஒரு கதவும் ஒரு சிறு சன்னலும் என்று திறப்புகளைக் கழித்தால் 4050 கன அடி, அதாவது 115 கன மீற்றர். இரண்டடி அகலமும் ஒன்றரை அடி ஆழமும் உள்ள அத்திவாரம் மேலும் 31 கன மீற்றர். இந்தக் கட்டுவேலையின் கன அளவில் 65 விழுக்காடு கல், 30 விழுக்காடு மண், 5 விழுக்காடு வெற்றிடம் என்று கொண்டால், ஒரு கன மீற்றர் 2.2 தொன் நிறுக்கும். சுவர் 252 தொன், அத்திவாரம் 68 தொன். காம்பராவுக்கும் இஸ்தோப்புக்கும் பிற்காலத்தில் இட்ட ஒன்றரை அங்குலச் சீமெந்துத் தளம் 14 தொன். கூரை மரம் இரண்டு தொன்னைச் சற்றுத் தாண்டும். நெளிதகரம், மேலடுக்குகளையும் சேர்த்து 340 சதுர மீற்றருக்கு, வெறும் 1.6 தொன்.

கூட்டினால் ஏறத்தாழ 340 தொன். ஒரு குடும்பத்துக்கு 34 தொன். இஸ்தோப்பையும் சேர்த்த தளப்பரப்புக்குச் சதுர மீற்றருக்கு 1.9 தொன் பொருட்செறிவு.

இந்த விடையில் கவனிக்கத்தக்கவை பல. மொத்த எடையில் 95 விழுக்காடு, தோட்டத்துக்குள்ளேயே கிடைத்த கல்லும் மண்ணும். மழைக்காலத்தில் பேச்சுக் கேட்காத அளவுக்கு இரைவதும், கோடையில் கொதிப்பதும், துருப்பிடித்து ஒழுகுவதும், முறைப்பாடுகளிலும் மனுக்களிலும் முதலிடம் பெறுவதுமான தகரம் எடையில் அரை விழுக்காட்டுக்கும் குறைவு. எடையை மட்டும் அளக்கும் ஆய்வு குடியிருப்பவர்களின் துன்பத்தில் பெரும்பகுதியைச் சுழியமாக்கிவிடும் என்பதை இது காட்டுகிறது. ஆகவே தொன் கணக்கைத் தரும் எந்த அட்டவணைக்கும் பக்கத்தில் அந்தப் பொருளின் நிலை பற்றிய ஒரு பத்தி இருந்தாக வேண்டும்.

வியன்னாவுடன் ஒப்பிடும்போது எச்சரிக்கை தேவை, ஏனெனில் அந்நகரக் கணக்கில் அலுவலகங்களும் தொழிலகங்களும் பொதுக் கட்டடங்களும் அடங்கும். இருந்தாலும் நான்கைந்து பேர் வாழும் காம்பராவில் ஆளுக்கு ஏழெட்டுத் தொன் என்பது குடியிருப்பின் நெருக்கடியை வேறொரு அலகில் சொல்கிறது. சதுர மீற்றருக்குரிய செறிவு உயர்ந்தும் ஆளுக்குரிய அளவு தாழ்ந்தும் இருக்கிறது: தடித்த சுவர்களுக்கு நடுவே மிகக் குறைந்த இடம்.

இரட்டை வரிசை லயத்தை இதே கணக்குக்குள் கொண்டுவந்தால் இன்னொன்று புலப்படும். முதுகோடு முதுகு ஒட்டிய இருபது காம்பராக்கள் நடுச்சுவர் ஒன்றைப் பகிர்ந்துகொள்வதால் ஒரு காம்பராவுக்கான சுவர் நீளம் 36.5 அடியிலிருந்து 30.7 அடியாகக் குறைகிறது. ஆறில் ஒரு பங்கு கல்லும் கூலியும் மிச்சம். அந்த மிச்சத்தின் விலை, காம்பராவுக்குப் பின் சன்னல் இல்லாமை. புகை வெளியேற முன்வாசல் ஒன்றே வழி. காற்றோட்டமின்மை குறித்துச் சுகாதார அறிக்கைகள் எழுதியவற்றைப் பண்பாட்டுப் பழக்கங்களின் மீது சுமத்தியவர்கள் உண்டு. சுவரை அளந்தால் அது கட்டியவரின் சிக்கனக் கணக்கு என்பது தெளிவாகும்.

அளவு பிழைக்கும் இடங்கள்

மாதிரிக் கணக்கு எளிது. களத்தில் அது பல இடங்களில் சறுக்கும். முதலாவது சுவரின் தடிப்பு. 18 அங்குலம் என்று எடுத்தது 14 அங்குலமாக இருந்தால் மொத்த எடையில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். தகரத்தின் தடிப்பை இரண்டு மடங்கு தவறாக எடுத்தாலும் விடை அசையாது. எங்கே நேரத்தைச் செலவிட வேண்டும் என்பதை இவ்வகைச் சோதனை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. சுவர்த் தடிப்பை அளக்கத் தக்க இடம் வாசல் நிலை. நிலைக்கால் பெயர்ந்த அல்லது கறையான் அரித்த வாசலின் ஓரத்தில் சுவரின் குறுக்குவெட்டு அப்படியே தெரியும்: நடுவில் ஒழுங்கற்ற கருங்கல், இடையிடையே சிறு சல்லியும் செம்மண்ணும், இருபுறமும் பழைய சுண்ணாம்புப் பூச்சு, அதன்மேல் பிற்காலத்துச் சீமெந்துப் பூச்சு, அதற்கும் மேல் திருவிழாவுக்குத் திருவிழா அடித்த நிறங்களின் அடுக்கு. அளவுநாடா காட்டும் தடிப்பில் இரண்டு அங்குலம்வரை பூச்சுக்குரியது. அதைப் பிரிக்காமல் முழுவதையும் கல்லாகக் கொண்டால் கல் மிகையாகவும் சீமெந்து குறைவாகவும் பதிவாகும்.

இரண்டாவது குறுக்குச் சுவரின் உயரம். பல லயங்களில் காம்பராக்களைப் பிரிக்கும் சுவர் கூரை முகட்டைத் தொடாமல் இடையிலேயே நின்றுவிடும். அதற்கு மேல் லயத்தின் ஒரு தொங்கலிலிருந்து மறு தொங்கல்வரை கூரையடி வெளி ஒன்றாகவே கிடக்கும். ஒரு காம்பராவில் மின்கசிவால் பற்றிய தீ முழு வரிசையையும் எரித்துவிடுவதற்கு இந்த இடைவெளி ஒரு காரணம். சில லயங்களில் அந்த முக்கோண வெளியைப் பின்னர் பலகையாலோ தகரத்தாலோ சீமெந்துக் கல்லாலோ குடும்பங்களே அடைத்துக்கொண்டுள்ளன. வெளியே நின்று பார்ப்பவருக்கு இவற்றில் எதுவும் தெரியாது.

செய்மதிப் படங்களை நம்பிச் செய்யும் மதிப்பீட்டின் எல்லையும் இதுதான். நீண்ட மெல்லிய கூரை, சரிவின் சமவுயரக் கோட்டை ஒட்டிக் கிடக்கும் வரிசை என்று லயங்களை வானிலிருந்து அடையாளம் காண்பது எளிது. ஆனால் அதே தகரத்தின் கீழ் மாட்டுப்பட்டியும் இருக்கலாம், பிள்ளைக் காம்பராவும் (குழந்தைப் பராமரிப்பகமும்) இருக்கலாம், கைவிடப்பட்ட களஞ்சியமும் இருக்கலாம். கூரைப்பரப்பு கிடைக்கும், சுவர் கிடைக்காது. பொருளில் 95 விழுக்காடு இருப்பதோ சுவரிலும் அத்திவாரத்திலும்.

குடித்தொகைக் கணக்கெடுப்பு ஓரளவு கைகொடுக்கும். இலங்கைத் தொகைமதிப்பு, 20 ஏக்கருக்குக் குறையாத பரப்பும் குறைந்தது பத்து வதிவிடத் தொழிலாளரும் கொண்ட பெருந்தோட்டங்களைத் தோட்டத்துறை என்று தனியே பிரிக்கிறது. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு லயக் காம்பராவை வீட்டு வகைகளில் ஒன்றாகப் பதிந்ததுடன் சுவர், தளம், கூரை ஆகியவற்றின் பொருளையும் கேட்டது. எனினும் அக்கேள்விக்கு வரும் விடை பிரதான பொருளின் பெயர் மட்டுமே, தடிப்போ உயரமோ அல்ல. களத்தில் அளந்த பொருட்செறிவையும் கணக்கெடுப்பின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பெருக்கினால்தான் மாவட்ட அளவில் ஒரு தொகை கிடைக்கும்.

எல்லாவற்றிலும் கடினமானது குடும்பங்கள் சேர்த்த பகுதி. தோட்ட நிர்வாகம் தந்த காம்பராவோடு எந்தக் குடும்பமும் நின்றுவிடவில்லை. இஸ்தோப்பை அடைத்து ஓர் அறையாக்கினார்கள்; கோடியில் குசினி இறக்கினார்கள்; மகனுக்குத் திருமணமானபோது பக்கவாட்டில் சீமெந்துக் கல்லால் இன்னோர் அறை; கொழும்பில் வீட்டுவேலைக்கோ கடைவேலைக்கோ போன பிள்ளை அனுப்பிய பணத்தில் தரைக்கு ஓடு. இந்தச் சேர்க்கைகளுக்கு வரைபடமில்லை, ஒப்புதலில்லை, பற்றுச்சீட்டுமில்லை. சீமெந்துக் கல்லின் எண்ணிக்கையையும் தகட்டின் எண்ணிக்கையையும் ஒவ்வொன்றாக எண்ணி, வாங்கிய ஆண்டைக் குடும்பத்தாரிடம் கேட்டு எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை. குடும்பத்துக்கு 34 தொன் என்ற கணக்கில் இந்தச் சேர்க்கை இரண்டு தொன்னாகவும் இருக்கலாம், பத்துத் தொன்னாகவும் இருக்கலாம். லயத்துக்கு லயம், ஒரே லயத்துக்குள் காம்பராவுக்குக் காம்பரா மாறும்.

இந்தப் பகுதியை விட்டுவிடும் மதிப்பீடு கணக்கியல் பிழையோடு நீதிப் பிழையையும் செய்கிறது. 1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் அரசுடைமையான தோட்டங்கள் 1992இல் பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டபோது, கட்டடங்கள் உள்ளிட்ட அசையாச் சொத்துகள் 53 ஆண்டுக் குத்தகைக்குள் சேர்ந்து, 2045இல் முடியும் தவணையாகக் கம்பனிகளின் நிதியறிக்கைகளில் ஏறின. அங்கே அவை ஆண்டுதோறும் தேய்மானம் காண்கின்றன. குடும்பங்கள் சேர்த்த அறையோ எந்த ஏட்டிலும் ஏறவில்லை. லயத்தை அகற்றும் நாளில் ஒரு தரப்பின் சொத்துக்குக் கணக்கு இருக்கும், மறு தரப்பின் சொத்து இடிபாடாக மட்டும் எண்ணப்படும்.

புதிய வீட்டுக்குள் போகும் பொருள்

இந்திய அரசின் உதவியுடன் மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களில் 4000 வீடுகள் கட்டும் திட்டமும், 2017 மே 12ஆம் திகதி நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த மேலதிக 10,000 வீடுகளும் 550 சதுர அடித் தனி வீடு என்ற வடிவத்தில் அமைந்தவை; முதல் 4000 வீடுகளுக்குப் பெரும்பாலும் 7 பேர்ச்சஸ் காணி. பேர்ச் ஒன்றுக்கு 272.25 சதுர அடி வீதம் அந்தக் காணி 1900 சதுர அடி. பத்துக் காம்பரா லயம் இஸ்தோப்புடன் சேர்த்து எடுத்துக்கொள்ளும் தளப்பரப்பும் ஏறத்தாழ அவ்வளவே என்பது தற்செயல்தான், ஆனால் மாற்றத்தின் அளவை உணர்த்தக்கூடிய தற்செயல்.

550 சதுர அடி வீட்டுக்கு மேற்கண்டதைப் போன்ற மாதிரிக் கணக்கைப் போட்டால், கருங்கல் அத்திவாரம் 36 தொன், ஆறங்குலச் சீமெந்துக் கல் சுவரும் பூச்சும் 33 தொன், தளம் 12 தொன், கொங்கிரீட் வளையங்கள் 5 தொன், கூரையும் மரமும் இரண்டு முதல் ஐந்து தொன் என்று மொத்தம் 90 தொன்னை ஒட்டி வரும். சதுர மீற்றருக்கு 1.75 தொன்னளவு, லயத்தைவிடச் சற்றே குறைவு. குடும்பத்துக்கு என்று பார்த்தால் லயத்தைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல். இது வேண்டியதும் நியாயமானதுமான பெருக்கம். பத்துக்குப் பன்னிரண்டில் நூற்றாண்டைக் கழித்தவர்களுக்குப் பொருட் சிக்கனம் உபதேசிக்க எவருக்கும் உரிமையில்லை.

பெரிய வேறுபாடு பொருளின் வகையில் இருக்கிறது. லயத்தின் மண்சாந்து சரிவிலிருந்து வந்தது. புதிய வீட்டுக்குச் சுமார் ஏழு தொன் சீமெந்து, அதாவது 50 கிலோகிராம் மூட்டையில் 140, தாழ்நாட்டிலிருந்தோ துறைமுகத்திலிருந்தோ லொறியில் ஏற வேண்டும். மணல் நாலரை முதல் ஐந்து கியூப். கியூப் என்பது இலங்கைக் கட்டுமானத் துறையில் 100 கன அடியைக் குறிக்கும் வழக்கு அளவு. இவற்றைப் பிரதான வீதிவரை கொண்டுவருவது ஒரு செலவு, அங்கிருந்து தோட்டப் பாதையில் டிராக்டரில் ஏற்றுவது இன்னொரு செலவு, பாதை முடியும் இடத்திலிருந்து ஆள் சுமப்பது மூன்றாவது. சமவெளிக்கான அலகு விலையை வைத்து மலைக்கு மதிப்பிடும் திட்டங்கள் பாதியில் நிற்பதற்கும், எஞ்சிய செலவு வீடு பெறும் குடும்பத்தின் தலையில் விழுவதற்கும் இது ஒரு காரணம். 10,000 வீடுகளுக்கு 9 லட்சம் தொன் பொருள், அதில் 70,000 தொன் சீமெந்து என்ற எண்ணை முதலிலேயே வைத்துக்கொண்டால் பாதை சீரமைப்பு வீடமைப்பின் பகுதியாகிவிடும். இல்லாவிட்டால் அது பிந்திய நினைப்பாகவே இருக்கும்.

லயத்தின் கல்லைப் புதிய வீட்டின் அத்திவாரத்துக்கு எடுக்க முடியுமா என்பது அடுத்த வினா. மண்சாந்தில் கட்டிய கல்லைப் பிரிப்பது எளிது. சீமெந்துச் சாந்தைப்போல் கல்லோடு ஒட்டிக்கொண்டு வராது. குடும்பத்துக்கு 25 தொன் அளவில் லயத்திலேயே கல் இருக்கிறது. புதிய அத்திவாரத்துக்கு வேண்டிய கல் அதே அளவை ஒட்டியது. எண்ணளவில் பொருந்துகிறது. நடைமுறையில், குடும்பம் புதிய வீட்டுக்குப் போகும்வரை பழைய காம்பராவை இடிக்க முடியாது, அத்திவாரமோ முதலில் போட வேண்டியது. கட்டங்கட்டமாகச் செய்யும் தோட்டங்களில், முதற்கட்டத்தார் விட்டுச்சென்ற லயத்தின் கல் இரண்டாம் கட்டத்தின் அத்திவாரத்துக்கும் சரிவு காக்கும் தாங்குசுவர்களுக்கும் போகலாம். முழு லயமும் காலியானால்தான் இது நடக்கும். ஒரு குடும்பம் வெளியேறியதும் அடுத்த நெருக்கடியிலிருக்கும் குடும்பம் அந்தக் காம்பராவுக்குள் வருவது தோட்டங்களில் வழமை.

அஸ்பெஸ்டஸ் பற்றிய கணக்கு எடையில் சிறியது, விளைவில் பெரியது. பழைய தகரம் கழற்றப்பட்ட பல லயங்களில் அஸ்பெஸ்டஸ் தகடு ஏறியது. மேலே கண்ட மாதிரி லயத்தின் கூரை முழுவதும் அப்படியானால் நாலு தொன்னுக்கு மேல் தகடு, அதில் பத்திலொரு பங்களவு நார். வெள்ளை அஸ்பெஸ்டஸ் உட்பட எல்லா வகையும் மனிதரில் புற்றுநோய் உண்டாக்குபவை என்பது சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரத்தின் வகைப்பாடு. முழுத் தகடாகக் கூரையில் கிடக்கும்போது ஆபத்து குறைவு. உடைக்கும்போதும் அறுக்கும்போதும் துண்டுகளைப் படிக்கட்டுக்கும் கோழிக்கூட்டுக்கும் பயன்படுத்தும்போதும் நார் காற்றில் கலக்கிறது. லயங்களைச் சுற்றி உடைந்த அஸ்பெஸ்டஸ் துண்டு பாத்தியோரத் தடுப்பாக நடப்பட்டிருப்பது அரிய காட்சியன்று. கூரைப்பொருளை வீடுவாரியாகப் பதியாத எந்த இடிப்புத் திட்டமும் இந்த நாலு தொன்னைக் கல்லோடும் மண்ணோடும் ஒரே டிப்பரில் ஏற்றிவிடும்.

சரிவு தானே இடிக்கும்போது

கட்டடம் திட்டமிட்டு மட்டும் இடிவதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களைப் புதைத்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழை கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் சரிவுகளைச் சரித்தது. நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் இறந்தனர். உலக வங்கி கட்டடங்களுக்கும் விவசாயத்துக்கும் உட்கட்டமைப்புக்கும் ஏற்பட்ட நேரடிச் சேதத்தை 410 கோடி டொலர் என மதிப்பிட்டது. டொலர்க் கணக்கு நிவாரணத்துக்கு உதவும். இடிபாட்டை அகற்றுவதற்கும் மீளக் கட்டுவதற்கும் வேண்டியது தொன் கணக்கு. மாதிரி லயத்தின் 146 கன மீற்றர் கட்டுவேலை சிதறும்போது 200 கன மீற்றராக உப்பும். மூன்று கியூப் ஏற்றும் டிப்பருக்கு 23, 24 நடை. அதுவும் சரிவின் மண் அதனுடன் கலக்காதபோது.

லயங்களின் பாரமே சரிவை இழுத்துவிடுகிறது என்ற பேச்சையும் இதே கணக்கைக் கொண்டு சோதிக்கலாம். 340 தொன் லயம் நிற்கும் நிலத்தின் மீது சதுர மீற்றருக்கு ஒன்றரைத் தொன்னுக்குச் சற்றுக் குறைந்த சுமையை வைக்கிறது. இது ஒரு மீற்றருக்கும் குறைந்த தடிப்புள்ள மண்படையின் எடை. லயத்துக்குத் தளம் சமன்செய்தபோது வெட்டி எடுத்த மண் பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாகவே இருந்திருக்கும். ஆகவே சந்தேகிக்க வேண்டியவை லயத்துக்குப் பின்னே செங்குத்தாக வெட்டி விட்ட மண்திட்டு, பராமரிக்கப்படாமல் அடைபட்ட கானு, குசினியிலிருந்தும் பீலியிலிருந்தும் வழிந்து சரிவுக்குள் இறங்கும் நீர் ஆகியவை. பாரம் கடைசியில் வரும்.

இந்த மதிப்பீட்டுக்குப் பெரிய கருவிகள் தேவைப்படாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயத்துக்காகத் தோட்டங்களைப் படமாக்கிவருகிறது. பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்திடம் குடியிருப்புப் பதிவுகள் உள்ளன. பல்கலைக்கழகங்களில் அளவு மதிப்பீடு பயிலும் மாணவர்கள் உள்ளனர், அவர்களில் மலையகப் பிள்ளைகளும் உண்டு. கோப்பிக் காலத்து மிச்சம், தேயிலைக் காலத்து ஒற்றை லயம், இரட்டை லயம், கூரை மாற்றப்பட்ட லயம், 1990களுக்குப் பிந்திய இரட்டை வீடு என்று வகைக்குச் சிலவற்றைத் தெரிந்தெடுத்து வாசல் நிலையில் நாடாவை வைத்து அளந்தால் முதல் பொருட்செறிவு அட்டவணை கிடைத்துவிடும். ஒவ்வொரு லயமும் இடிக்கப்படும் முன் அதன் சுவர், கூரை, அஸ்பெஸ்டஸ், குடும்பங்களின் சேர்க்கை ஆகிய நான்கையும் பதியும் ஒரு தாளை வீடமைப்பு ஒப்பந்தத்தின் கட்டாயப் பகுதியாக்க வேண்டும். நான்காவது வரியில் எழுதப்படும் பொருளுக்கு, அதைச் சேர்த்த குடும்பத்துக்கே இழப்பீடு சேர வேண்டும்.